மாலுக்: போலந்து காத்திருந்து வாங்கிய சின்னக் கார்

கம்யூனிச ஆட்சிக்காலத்துப் போலந்தில் ‘மாலுக்’ என்றொரு சின்னக் கார் இருந்தது, சாதாரணக் குடும்பங்களும் வாங்கட்டும் என்று அரசே அதைத் தயாரித்தது என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி, அது உண்மையிலேயே மலிவான காரா, பழுதுக்குப் பேர்போன ஒரு வண்டியைப் பற்றி அந்நாட்டார் இன்றும் இவ்வளவு பாசத்தோடு பேசுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனை விலையை மட்டும் பார்த்தால், அந்த நாட்டில் கிடைத்த மற்றக் கார்களோடு ஒப்பிட அது மலிவான கார்தான். ஆனால் ஒரு போலந்துக் குடும்பம் அந்தக் காருக்குக் கொடுத்ததில் பணம் ஒரு பங்கு. மறுபங்கை அது ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தும், கார் வந்தபின் அதைத் தன் கையாலேயே பழுது பார்த்தும் கொடுத்தது. அந்தப் பாசம் இந்த மறுபங்கிலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து. அதனால் இந்தப் பதிலும் அதைச் சுற்றியே அமையும்.

முதலில் பெயர். காரின் முறையான பெயர் போல்ஸ்கி ஃபியட் 126பி. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1972 இலையுதிர்காலத்தில் டுரின் கார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய ஃபியட் 126 காரை, அந்நிறுவனத்தின் உரிமத்தோடு போலந்தில் தயாரித்தார்கள். பெயரின் கடைசியில் வரும் ‘பி’ போலந்தைக் குறிக்கிறது. அதற்கு முன்பே, 1967 முதல், வார்சாவின் ஜெரான் ஆலையில் ஃபியட் 125பி என்ற நடுத்தரக் கார் தயாராகி வந்ததால் மக்கள் அதைப் பெரிய ஃபியட் என்றும் புதிய காரைச் சின்ன ஃபியட் என்றும் அழைத்தார்கள். நாளடைவில் சின்ன ஃபியட் ‘மாலுக்’ ஆயிற்று. போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொடியன், சின்னப் பயல் என்று பொருள். தெருவில் பிறந்த இந்தச் செல்லப்பெயரை ஆலை தன் அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றுக்கொண்டது 1997-இல்தான். எஞ்சின் சத்தத்தை வைத்து ‘கஷ்லாக்’, அதாவது இருமல்காரன், என்று அழைத்தவர்களும் உண்டு.

இந்தக் கார் ஏன் 1970-களில் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு கார் என்பதை ஆட்சி எப்படிப் பார்த்தது என்று தெரிந்திருக்க வேண்டும். போருக்குப் பிந்தைய போலந்தில் லாரியும் டிராக்டரும் பேருந்தும் தேவையானவை என்றும், தனிமனிதனின் கார் ஆடம்பரம் என்றும் கருதப்பட்டது. 1957-இல் உற்பத்திக்கு வந்த சிரெனா, புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட கார்; அதுவும் போதிய அளவில் தயாராகவில்லை. அதே ஆண்டில், மியெலெட்ஸிலும் ஜெஷூஃபிலும் இருந்த விமானத் தொழிற்சாலைகள் சேர்ந்து மிக்ரூஸ் என்ற குட்டிக் காரை உருவாக்கின. மக்கள் கார் என்ற எண்ணம் போலந்தில் முதன்முதலாக உருவம் பெற்றது அதில்தான். ஆனால் 1960-இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது மொத்தமே 1,728 கார்கள்தான் வெளிவந்திருந்தன. கட்சியின் முதற்செயலாளராக இருந்த கொமுல்காவுக்குத் தனியார் கார் என்ற எண்ணத்தில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. 1970-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் கார்களே ஓடின.

அந்த ஆண்டின் டிசம்பரில் நிலைமை தலைகீழானது. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கையில் உணவுப்பொருள் விலையை அரசு உயர்த்தியது. கதான்ஸ்க், கதீனியா, ஷ்செச்சின் ஆகிய பால்டிக் கரை நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். படை அவர்களைச் சுட்டது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொமுல்கா பதவி இழந்தார், எட்வர்டு கியெரெக் வந்தார். இளமையில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் கியெரெக். இரத்தம் சிந்திய பிறகு மக்களிடம் வெறும் முழக்கங்கள் எடுபடாது, வீட்டுக்குள் ஏதாவது வந்து சேர வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வீடு, தொலைக்காட்சி, குளிர்பதனப்பெட்டி என்ற அவருடைய வாக்குறுதிகளின் வரிசையில் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிந்தது கார்.

1971 அக்டோபர் 29 அன்று ஃபியட்டுடன் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தாலியிலேயே புதிய கார் பொதுமக்கள் கண்ணில் படுவதற்கு ஓராண்டு முன்பே போலந்து அதற்கான உரிமத்தை வாங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தேய்ந்துபோன பழைய மாடலை மேற்கு ஐரோப்பா கம்யூனிச நாட்டின் தலையில் கட்டிவிட்டது என்று சிலர் எழுதுவது இந்தக் கார் விஷயத்தில் சரியல்ல. இதைப் பழையதாக்கியது பின்னால் வந்த காலம்தான். ஆலைக்கு இடமாகத் தெற்கே பெஸ்கிட் மலையடிவாரத்தில் உள்ள பியெல்ஸ்கோ-பியாவா தேர்ந்தெடுக்கப்பட்டது. சிரெனாவின் எஞ்சின்களைச் செய்துவந்த தொழிற்சாலையும் அனுபவம் உள்ள ஆட்களும் அங்கே ஏற்கெனவே இருந்தது ஒரு காரணம். கியெரெக் பல ஆண்டுகள் கட்சிச் செயலாளராக ஆண்ட கடோவிட்சே மாகாணத்தில் அப்போது அந்நகரம் இருந்தது என்பதையும் மறந்துவிட முடியாது. 1973 ஜூன் 6 அன்று இத்தாலிய உதிரிபாகங்களைக் கொண்டு முதல் 126பி அங்கே பூட்டி முடிக்கப்பட்டது. 1975-இல் அருகிலுள்ள டிஹி நகரில் இரண்டாவது, பெரிய ஆலை திறக்கப்பட்டது. இதற்கெல்லாம் வேண்டிய இயந்திரங்களும் உரிமமும் மேற்கு நாடுகளின் கடனில் வந்தன. கார் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், கியெரெக்கின் பத்தாண்டு முடிந்தபோது போலந்தின் வெளிநாட்டுக் கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இனி விலை. அறிமுகத்தில் கார் 69,000 ஸ்லோட்டிக்கு (ஸ்லோட்டி போலந்தின் நாணயம்) அறிவிக்கப்பட்டது. அன்றைய சராசரிச் சம்பளக்காரருக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம். பெரிய ஃபியட்டின் விலையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஆகவே ஆசிரியரோ தொழிலாளியோ பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தால் எட்டக்கூடிய தொகைதான் அது. சிக்கல் அந்தத் தொகையில் இல்லை. பணம் கையில் இருந்தாலும் கடைக்குச் சென்று கார் வாங்க முடியாது என்பதே சிக்கல்.

முறை இப்படி இருந்தது. 1973 பிப்ரவரியில் அரசுச் சேமிப்பு வங்கியான பி.கே.ஓ முன்பணம் வாங்கத் தொடங்கியது. பணத்தை மொத்தமாகவோ மாதத் தவணையாகவோ கட்டிச் சேமிப்புப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எந்த ஆண்டில் கார் கையில் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓராண்டு, இல்லாவிட்டால் நான்கு ஐந்து ஆண்டுகள். மக்களின் பணம் அதுவரை அரசின் கையில் இருக்கும், அதாவது வாங்கப்போகிறவர்களே ஆலைக்கு முன்கூட்டிக் கடன் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வரிசைக்குப் பக்கத்திலேயே வேறொரு வாசலும் இருந்தது. ‘டாலோன்’ எனப்படும் ஒதுக்கீட்டுச் சீட்டு கிடைத்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அமைச்சகங்களும் தொழிற்சாலை நிர்வாகங்களும் கட்சி அமைப்புகளும் அவற்றைப் பங்கிட்டன. சுரங்கத்தில் நன்றாக உழைத்த ஒருவருக்கும் அது கிடைக்கலாம், சரியான மனிதரைத் தெரிந்துவைத்திருந்தவருக்கும் கிடைக்கலாம். மூன்றாவது வாசல் டாலர்: வெளிநாட்டிலிருந்து உறவினர் டாலர் அனுப்பினால், உள்நாட்டில் தயாரான அதே காரை அந்நியச் செலாவணிக்கு விற்கும் அரசுக் கடை வழியாகக் காத்திராமல் வாங்கலாம். தன் தொழிலாளிக்குச் சொந்தப் பணத்தில் நான்கு ஆண்டு தவணை சொன்ன ஓர் அரசு, டாலருக்கு உடனே கொடுத்தது. அந்த ஆட்சியின் மீது மக்களுக்கிருந்த கசப்பைப் பெரிய தத்துவங்கள் இல்லாமலேயே புரிந்துகொள்ள இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

இதன் நேரடி விளைவு, ஓடித் தேய்ந்த கார் புதிய காரைவிட அதிக விலைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் விளிம்பில் கூடும் கார் சந்தைகளில், குலுக்கலில் வென்று நேற்று வண்டி எடுத்தவர் இன்று அதை அரசு விலையைவிடப் பெருந்தொகை கூடுதலாக விற்றுவிட்டுப் போகலாம். காத்திருப்புக்குச் சந்தை வைத்த விலை அந்தக் கூடுதல் தொகை. மலிவான கார் என்ற சொல்லைப் போலந்து வரலாற்றில் படிக்கும்போதெல்லாம் இந்தச் சந்தையையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, காத்திருந்து கிடைத்தது என்ன? 305 சென்டிமீட்டர் நீளமும் 138 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த அகலமும் கொண்ட, 600 கிலோ அளவில் எடையுள்ள, இரண்டே கதவுகள் கொண்ட கார். செர்ஜியோ சார்தொரெல்லி வரைந்த உடலின் அடியில், அதற்கு முந்தைய ஃபியட் 500-இன் அமைப்புதான் பெரும்பாலும் இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு சிலிண்டர் எஞ்சின், 594 சிசி, 23 குதிரைத்திறன். 1977 முதல் 652 சிசி, 24 குதிரைத்திறன். ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்கும். டிக்கி முன்பக்கத்தில் இருந்தாலும் ஸ்டெப்னியும் பேட்டரியும் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். முன்னிருக்கையில் உயரமான ஒருவர் உட்கார்ந்தால் பின்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் அவர் முதுகில் இடிக்கும்.

குளிர்கால விடியலில் இதைக் கிளப்புவது ஒரு சடங்கு. கடுங்குளிர் நாட்களில் பேட்டரியை இரவே கழற்றி, அடுக்குமாடியின் படிகளில் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். காலையில் அதைச் சுமந்து இறங்கி வந்து டிக்கியில் பூட்ட வேண்டும். வைப்பர்களையும் பலர் கழற்றி உள்ளே எடுத்துப் போனார்கள், ஏனென்றால் திருடுபோனால் கடையில் மாற்றுக் கிடைக்காது. சாவியைத் திருப்பினால் மின் இணைப்பு மட்டும் வரும், எஞ்சின் சுழலாது. கியர் தண்டுக்குப் பின்னால், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையில் விரல் நீளத்தில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் சோக்; மற்றது ஸ்டார்ட்டர். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மேலே தூக்கினால் ஒரு கம்பி காரின் நீளத்துக்கும் ஓடிப்போய்ப் பின்னாலிருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரை இழுக்கும். இருமல், மௌனம், மறுபடி இருமல், பிறகு உடல் முழுவதும் நடுங்க எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சோக்கை மெல்ல மெல்ல இறக்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும், மறந்துவிட்டால் பெட்ரோலைக் குடிக்கும். அந்தக் கம்பி அறுந்துபோனாலும் யாரும் கலங்க மாட்டார்கள். பின்மூடியைத் திறந்து, ஒரு துடைப்பக் கட்டையை உள்ளே விட்டு ஸ்டார்ட்டரின் நெம்புகோலை நேராகவே நெம்புவார்கள். அதற்காகவே காரில் ஒரு கட்டை எப்போதும் கிடக்கும்.

ஃபேன் பெல்ட் அறுந்தால் பெண்களின் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி அடுத்த ஊர் வரை ஓட்டிய கதையைப் போலந்தில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் யாராவது சொல்வார்கள். அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கத் தேவையில்லை. அந்த பெல்ட் குளிர்விக்கும் விசிறியையும் டைனமோவையும் சுழற்றுவது. சுமை அதிகமில்லை, மெதுவாகப் போனால் சிறிது தூரம் தாங்கும். காரின் அமைப்பு அவ்வளவு எளிது. சில திறவுகோல்களும் பொறுமையும் இருந்தால் குடியிருப்பின் முற்றத்திலேயே எஞ்சினை இறக்கி ஏற்றிவிடலாம். கடைகளில் உதிரிபாகம் கிடைக்காத நாட்டில் இந்த எளிமைதான் அந்தக் காரின் மிகப் பெரிய நற்குணம். தந்தையும் மகனும் தகரக் கொட்டகையில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிய ஞாயிறுகள் ஒரு தலைமுறைக்கு இயந்திரக் கல்வியாகவே அமைந்தன. நாட்டின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் பல காலம் இந்தக் கார்தான் இருந்தது என்பதால், ஆணும் பெண்ணுமாகப் பெருந்தொகையான மக்கள் முதலில் பிடித்த ஸ்டியரிங்கும் இதுவே.

அந்தக் காரில் அவர்கள் எங்கே போனார்கள் என்பது எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. வார இறுதியில் நகரத்துக்கு வெளியே உள்ள தோட்டத்துண்டுக்கு. இலையுதிர்காலத்தில் கிராமத்து உறவினர் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டையும், கடையில் கிடைக்காத இறைச்சியும் ஏற்றிக்கொண்டு திரும்பி வர. கோடையில் பால்டிக் கரைக்கும் மசூரிய ஏரிகளுக்கும். துணிந்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா கடந்து பல்கேரியாவின் கருங்கடல் கரை வரை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூரையில் கேரியர், அதன்மேல் கூடாரமும் பெட்டிகளும், டப்பாக்களில் ஒரு மாதத்துக்கான உணவு. மலையேற்றத்தில் எஞ்சின் சூடேறினால் ஓரமாக நிறுத்தி, பின்மூடியைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். நியெவியாடூஃப் ஊரிலிருந்த ஆலை, 24 குதிரைத்திறனுக்கும் கட்டுப்படக்கூடிய, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கண்ணாடி இழை வண்டிவீடு ஒன்றையே செய்தது. இந்தக் காரை நினைத்துத்தான் அதற்கு என்126 என்று பெயரிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் விடுமுறை இல்லத்தில், மேலதிகாரி ஒதுக்கிய தேதியில், ஒதுக்கிய அறையில் கோடையைக் கழித்துவந்த ஒரு குடும்பம், எந்தச் சாலையில் திரும்புவது, எந்த ஏரிக்கரையில் இறங்குவது என்பதை முதன்முறையாகத் தானே முடிவு செய்தது. கட்சி கொடுத்த கார்தான். ஆனால் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்தியபின் அது குடும்பத்தின் இடம்.

1976-இல் மறுபடியும் விலையுயர்வு, ரடோமிலும் உர்சுஸிலும் எதிர்ப்பு. 1980-இல் வேலைநிறுத்தங்களும் சாலிடாரிட்டி தொழிற்சங்கமும், கியெரெக்கின் வீழ்ச்சியும். 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம். நாட்டில் கார்களின் எண்ணிக்கை பத்தாண்டில் ஏறத்தாழ 24 லட்சமாக உயர்ந்திருந்தது, ஆனால் அவற்றை ஓட்டப் பெட்ரோல் இல்லை. பெட்ரோலும் பங்கீட்டுக்கு வந்தது. குறைவாகக் குடிக்கும் சின்னக் காருக்கு அந்த ஆண்டுகளில் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. மேற்கு ஐரோப்பாவில் சின்னக் கார்களின் எஞ்சின் முன்பக்கத்துக்கும், சாமான் ஏற்றும் கதவு பின்பக்கத்துக்கும் மாறிவிட்டிருக்க, புதிய மாடலுக்கான பணம் போலந்து அரசிடம் இல்லாததால் மாலுக் அப்படியே தயாராகிக்கொண்டிருந்தது. 1987-இல் வந்த, தண்ணீரால் குளிரும் 704 சிசி எஞ்சின் கொண்ட ‘பிஸ்’ மாடல் ஒரு நேர்மையான முயற்சிதான். ஆனாலும் மக்கள் பழைய காற்றெஞ்சினையே நம்பினார்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் காரில் மோதலின்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் காலுக்கு மிகக் குறைந்த பாதுகாப்பே உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தக் காரைப் பாசத்தோடு நினைப்பவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், விட்டுவிடக் கூடாது.

அண்டை நாடுகளிலும் அதற்குச் செல்லப்பெயர்கள் உண்டு. ஹங்கேரியில் சின்னப் போலந்துக்காரன் என்று பொருள்படும் ‘கிஷ்போல்ஸ்கி’, யூகோஸ்லாவியாவில் சின்ன இஸ்திரிப் பெட்டி என்று பொருள்படும் ‘பெக்லித்சா’, கியூபாவில் ‘போலாகித்தோ’. ஆஸ்திரேலியாவில் ‘நிக்கி’ என்ற பெயரில் சில காலம் விற்றார்கள். இத்தாலியில் உற்பத்தி நின்றபின், மேற்கு ஐரோப்பாவில் ஃபியட் விற்ற 126-களும் போலந்திலிருந்தே சென்றன. 1989-இல் எல்லைகள் தளர்ந்தபோது, மேற்கு பெர்லினில் திடீரென்று முளைத்த போலந்துச் சந்தைக்கு வெண்ணெயும் சிகரெட்டும் ஏற்றிக்கொண்டு போன வண்டிகளிலும் இது இருந்தது.

ஆட்சி மாறிய பிறகு 1992-இல் ஃபியட் நிறுவனமே அந்த ஆலைகளை வாங்கிக்கொண்டது. சின்குவேசென்டோ என்ற நவீனச் சின்னக் கார் அங்கேயே தயாரானாலும், மாலுக்கை இன்னும் சில ஆண்டுகள் விடாமல் செய்தார்கள், ஏனென்றால் கைக்கு எட்டிய ஒரே புதிய கார் என்ற இடம் அப்போதுதான் அதற்கு முழுமையாகக் கிடைத்தது. இனி முன்பணம் கிடையாது, குலுக்கல் கிடையாது, பணத்தைக் கொடுத்து அன்றே வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். 2016-இல் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்ஸ் புடாபெஸ்ட் தெருவில் நின்ற ஒரு மாலுக்குக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டதும், பியெல்ஸ்கோ-பியாவா மக்கள் பணம் திரட்டி ஒரு பழைய மாலுக்கைப் புதுப்பித்து 2017-இல் அவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். தங்கள் ஊரின் பெயரைச் சொல்ல அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் அது.

2000 செப்டம்பர் 22 அன்று பியெல்ஸ்கோ-பியாவாவில் கடைசிக் கார் வெளிவந்தது. போலந்தில் தயாரானவை மொத்தம் 33,18,674. கடைசி 1,000 கார்களை மஞ்சளிலும் சிவப்பிலும் ‘ஹேப்பி எண்ட்’ என்ற பெயரிட்டு விற்றார்கள். ஆனால் 1981-இல் அரசு கடைசியாக ஒரு சுற்று முன்பணம் வாங்கியிருந்தது. அந்தப் பணத்தைக் கட்டியவர்களில் பலருக்குக் கார் வந்து சேரவேயில்லை, பணவீக்கத்தில் புத்தகத்திலிருந்த தொகையும் கரைந்துபோனது. கம்யூனிச ஆட்சி போனபின் வந்த அரசுகள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டு இழப்பீட்டுச் சட்டம் இயற்றின. மாலுக் தயாரிப்பு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும், பழைய பி.கே.ஓ புத்தகத்தோடு வந்து உரிமை கோருகிறவருக்கு ஒரு 126பி-க்காக எத்தனை ஸ்லோட்டி கொடுப்பது என்பதைப் போலந்தின் நிதியமைச்சகம் கணக்கிட்டு அறிவித்துக்கொண்டிருந்தது.